அடுப்படியில் நின்று கேட்டது

ஏனுங்க,

ஷிப்ட் முடிஞ்சு அசந்து தூங்கறீங்க, அதான் எழுப்பல. அரிசிம்பருப்புச் சாதம் ஹாட் பாக்ஸ்ல இருக்குது. பன்னெண்டு மணிக்குச் சிலிண்டர்காரர் வருவாரு. வாசல்லயே சேர் போட்டு உக்காந்துக்கங்க. போன வாரம் அவரு பெல் அடிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போனதுக்கு உங்களைத் திட்டுனேன் பாருங்க, அது என் தப்பு.

நேத்து சேலத்துல, நான் சேந்திருக்கற தொழிற்சாலை நர்ஸ் டிரெய்னிங்ல, காது எப்படிப் பரிசோதிக்கறதுன்னு சொல்லித் தந்தாங்க. வருசக்கணக்கா தறி ஓட்டுறவங்களுக்கு பெல் மாதிரி கீச்சுச் சத்தம்தான் முதல்ல கேக்காமப் போகுமாம். எதுத்தாப்புல நின்னு பேசுனா உதட்டைப் பாத்தே பதில் சொல்லிருவாங்களாம், ஊட்ல ஒருத்தருக்கும் தெரியாதாம். எனக்கு உங்க நெனப்புத்தான் வந்துச்சு.

இந்தப் படிப்புல சேரட்டுமான்னு உங்களைக் கேட்டேனே, அடுப்பைப் பாத்து நின்னுட்டுத்தான் கேட்டேன். நீங்க பேசாம இருந்தீங்க, சரிங்கறீங்கன்னு நினைச்சுச் சேந்துட்டேன். அப்புறம் "என்னைய ஒரு வார்த்தை கேட்டியா"ன்னீங்க. பொய் சொல்றீங்கன்னு இருபது நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறேன்.

சனிக்கிழமை தறிக்கு லீவு சொல்லிருங்க. காது டாக்டரைப் பாத்துட்டு வரலாம்.

ஆறு மணிக்கு வாரேன்.
சௌந்தர்யா

சாவிக்குப் பக்கத்துல ஆரஞ்சுக் கலர்ல ரெண்டு கிடக்குது. மிட்டாய் இல்லீங்க. தறி ஓடறப்ப காதுல வெச்சுக்கோணும்.

இன்னொண்ணு. சாயங்காலம் உங்க முன்னால வந்து நின்னு, சேரட்டுமான்னு மறுபடியும் கேப்பேன். வேண்டாம்னு சொன்னீங்கன்னா, எனக்குக் காது கேக்காது.