பன்னிரண்டாம் அறையின் ஊசிப் பெட்டி

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

நானும் அம்மாவும் உடலளவில் நலம். நீயும் பேரனும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். வரிசை போடாமல் எழுதினால் எனக்குக் குழம்பிவிடும், அதனால் முதலில் பட்டியல்:

1. வீட்டுச் செய்தி.
2. லவோனுக்கு நேர்ந்தது.
3. நான் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது என்பதற்கான காரணங்கள்.
4. உன் கார் டயர்.

ஏரி உறைந்துவிட்டது. அம்மா முழங்கால் வலியோடு சர்ச் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு மருத்துவமனையில் கழிவு சேகரிக்கப் போகிறேன் என்றபோது நீ சிரித்தாய். ரத்தம் பட்டவைக்குச் சிவப்புப் பை, குத்திய ஊசிகளுக்கு ஊசிப் பெட்டி, சாதாரணக் குப்பை என்று பிரித்து வைப்பது வேதியியல் வாத்தியாருக்கு ஏற்ற வேலைதான் என்று நானும் நம்பினேன். சலவைப் பகுதியில் இருக்கும் லவோன் என் பழைய மாணவி, என்னைக் கண்டால் "வாத்தியாரே, குப்பைக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?" என்று வம்பிழுப்பாள். நேற்றுக் காலை பன்னிரண்டாம் அறையின் ஊசிப் பெட்டி அளவுக் கோட்டைத் தாண்டி நிரம்பி, மூடி சேராமல் இருந்தது. நர்ஸிடம் சொல்வதுதான் முறை. அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று, வாசலில் நின்ற அழுக்குத் துணி வண்டியின்மேல் வைத்து இரண்டு குலுக்குக் குலுக்கி மூடிவிட்டேன். மதியம் அந்த வண்டித் துணிகளைப் பிரித்தபோது லவோனின் உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. அவளோ, "சாரி, நான்தான் பாக்காம கைய விட்டுட்டேன்" என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

பல அறைத் துணிகளும் கலந்த வண்டி அது. யாருடைய ஊசி என்று தெரியாததால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இருபத்தெட்டு நாள் விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் போன் செய்தேன், இரவெல்லாம் வாந்தியாம். "மாசக் கணக்கா ரத்தம் எடுத்துப் பாப்பாங்களாம் வாத்தியாரே. பிள்ளைக்கு முத்தம் குடுக்கக்கூட பயமா இருக்கு" என்றாள். முத்தத்தால் ஒன்றும் ஆகாது என்று பாடம் மட்டும் சொன்னேன். பிறகு போனை வைத்துவிட்டேன்.

இனி மூன்றாவது. ஊசி தெறித்ததை நான் கண்ணால் காணவில்லை. சொன்னால் வேலை போகும், சர்ச்சில் அம்மா தலைகுனிந்து உட்கார வேண்டும். சொல்வதால் ஏறிய ஊசி இறங்கிவிடாது. இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. அந்தப் பெட்டியைத் திங்களன்று புதிதாக மாட்டித் தேதி எழுதியவன் நானே. அன்றிலிருந்து அந்த அறையில் ஒரே ஒரு அம்மாள்தான் இருக்கிறார், ஊசி அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர் சம்மதித்து ரத்தம் கொடுத்து, அதில் நோய் இல்லை என்று தெரிந்தால், லவோன் மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாம். அவர் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகிறார். இப்போது பத்து நாற்பது.

டயரில் காற்றைக் காலையில் வண்டி சூடாகும் முன் பார். கடவுள் உன்னையும் பேரனையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே, அவளுக்கு உன் குரல் தேவைப்படும்.

உன் அப்பா,
எல்டன் ஹோக்லண்ட்

மூன்றாவது என்று மேலே போட்டது தவறு. அடித்துவிட்டுத் திரும்ப எழுத நேரமில்லை, மருத்துவமனைக்குப் போகக் கோட்டு மாட்டிக்கொண்டுவிட்டேன்.