வேண்டாம் என்று சொல்லப் பன்னிரண்டு வழிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. போன வாரம் உனக்குச் சளி பிடித்தது, நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் புதிதாக இரண்டு நர்ஸ்கள் வந்தது, நீ முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டது எல்லாம் என் மகள் சொல்லி எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவளின் சேதி, நான் பெற்றவள் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. எங்கள் தலைமையாசிரியை எழுதச் சொன்னார். அடுத்த மாதத்தின் முதல் புதன்கிழமை நீ எங்கள் பள்ளிக்கு வந்து பெண் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்க வேண்டுமாம். கேட்டுவிட்டேன். பள்ளியின் வேலை இத்துடன் முடிந்தது. இனி எழுதுவது என் சொந்த வயிற்றெரிச்சல்.

மனையியலோடு சேர்த்துப் புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஒழுக்க வகுப்பும் என் தலையில்தான் என்பது உனக்குத் தெரியும். தையல் அறையில் நடக்கும். பத்தாம் வகுப்புப் பெண்கள் மெஷின்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்காருவார்கள். பையன்களுக்கு அந்த நேரம் மைதானம். பாடம் ஒன்றே ஒன்று: கல்யாணம் வரை காத்திரு. சுவரில் ஓர் அட்டை தொங்கும், 'வேண்டாம் என்று சொல்லப் பன்னிரண்டு வழிகள்' என்று. சிரித்துக்கொண்டே மறுப்பது, பேச்சை மாற்றுவது, அம்மா தேடுவாங்க என்று எழுந்து போவது, இப்படி. என் கையால் எழுதிய அட்டை. எட்டு வருஷமாக ஒப்பிக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் மகள், எங்கள் வாலு, அந்த வகுப்பில் மூன்றாவது மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பில் நான் அவளுக்கும் டீச்சர்தான். இரண்டு மாதம் முன்பு ஒரு நாள் எழுந்து, "காத்திருக்க வேண்டியது நாங்க மட்டும்தானா டீச்சர், பசங்களுக்குப் பந்து போதுமா?" என்று கேட்டாள். பெண் வேலி மாதிரி, வேலி சரியாக இருந்தால்தான் பயிர் பத்திரம் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். "அப்ப மாடு யாரு டீச்சர்?" என்று பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

வகுப்பில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன். கேட்கக் கூச்சமானதைப் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடலாம். புத்தகத்தில் உள்ளதற்குப் பதில் சொல்லலாம், மற்றதைக் கிழித்துவிட வேண்டும், அதுதான் எனக்கு இட்ட விதி. அன்றைய சீட்டுகளில் ஒன்று, "கல்யாணத்துக்கு அப்புறமும் வேண்டாம்னு சொல்லலாமா?" பெயர் எதற்கு? இடப்பக்கம் சாயும் அந்த எழுத்து, ஒன்றாம் வகுப்பில் நான் கை பிடித்து எழுத வைத்தது. நான்காகக் கிழித்து, நூல் துண்டுகளோடு கூடையில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்து அவளும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

பிறகு உன்னைக் கேட்டிருக்கிறாள். துவைக்க எடுத்த பாவாடைப் பையில் உன் கடிதம் இருந்தது. படித்தேன், மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். "சொல்லலாம் கண்ணு. முன்பும் சொல்லலாம், பின்பும் சொல்லலாம். உன் அம்மாவைக் கேள், அவளும் இதையேதான் சொல்வாள்" என்று எழுதியிருந்தாய்.

உன் வார்டில் நூறு பிள்ளைகளுக்கு நீ பதில் சொல்லிக்கொள். எனக்கு இருப்பது ஒருத்தி. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் முழித்திருப்பவள் நான், அவளுக்குப் பேன் பார்ப்பவள் நான், அவள் ரகசியம் மட்டும் உனக்கா? அதற்கு மேல், நான் சொல்லாத பதிலை என் பெயரில் எப்படி எழுதினாய்? கடிதத்தை மடித்து அதே பையில் வைத்தேன். துணியை அன்று துவைக்கவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். இந்த வகுப்பு இப்படியே நடக்கட்டுமா, மாற்றலாமா என்று ஒரு மணி நேரம் சண்டை. சொல்லிக் கொடுத்தால் செய்துதான் பார்க்கும் என்று ஒரு தகப்பனார் மேசையைத் தட்டினார். மருந்துக்கடைக்கார அம்மா எழுந்து, ஒன்றும் தெரியாமல் பயந்துபோய் தன் கடை வாசலில் நிற்கும் பெண்களை அவர் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார். எனக்கு எழுந்து பேசத் தைரியமில்லை. அப்போதுதான் பிள்ளைகளோடு பின்வரிசையில் இருந்த வாலு எழுந்தாள். "எங்க பெரியம்மாவைக் கூப்பிடலாம், அவங்க எதைக் கேட்டாலும் பதில் சொல்லுவாங்க, எதையும் கிழிக்க மாட்டாங்க" என்றாள். பெற்றவள் மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்துதான் இருக்கிறது, உன் பக்கமாகச் சாய்ந்து.

உன் மேல் எனக்குப் பொறாமை இன்று நேற்று வந்ததா? ஜன்னல் ஓரக் கட்டில் உனக்கு, சைக்கிள் உனக்கு, காலேஜ் உனக்கு. அதையெல்லாம் மறந்துவிடுவேன். அந்த வரன் வந்த அன்று, கூடத்தில் எல்லோர் முன்னாலும் நீ 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னாயே, அதை மறக்க முடியவில்லை. வீடு இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் சாப்பிட்டது, அவ்வளவுதான். வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று உன் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், ஒரு வீடு எத்தனை 'வேண்டாம்'களைத் தாங்கும்? இருந்த ஒன்றையும் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை, மகள் மேல் உயிர். பாலம் கட்டும் வேலையிலிருந்து சனிக்கிழமை வருவார், திங்கள் காலை போவார். என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சனிக்கிழமை ஆனால் மத்தியானமே எனக்குத் தலைவலி ஆரம்பிக்கும். பதினெட்டு வருஷமாக அதைத் தலைவலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு மறுநாளும் சனிக்கிழமைதான். என் அட்டையில் உள்ள பன்னிரண்டு வழிகளையும் ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட வீட்டுக்குள் செல்லுபடியாகவில்லை. அம்மா தேடுவாங்க என்று எழுந்து நான் எங்கே போவேன்?

அதனால் வா, அக்கா. கோபத்தோடுதான் கூப்பிடுகிறேன், ஆனாலும் வா. இரண்டு நாள் முன்னதாக வந்தால் நல்லது. வாலு உன் பக்கத்தில்தான் படுப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள், படுக்கட்டும். ஆனால் நடுவில் அவள், அந்தப் பக்கம் நான். நீங்கள் இரண்டு பேரும் எனக்குக் கேட்காமல் பேசக் கூடாது.

புதன்கிழமை டப்பாவை உன் கையில் கொடுத்துவிட்டு, கதவோரம் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே இருக்கும் சீட்டுகளில் ஒன்று சிவப்பு மையில் இருக்கும். அந்த அறையில் சிவப்புப் பேனா ஒருத்தியிடம்தான் உண்டு. வாலுவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், தெரியட்டும். அவள் கேட்டு நான் கிழித்த அதே கேள்வி, ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சத்தமாகப் படி. பதில் சொல்லும்போது மட்டும் ஒரு தடவை கடைசி ஸ்டூலைப் பார்த்துச் சொல்.

உன்னைப் பார்த்து இன்னும் வயிறு எரியும்,
உன் தங்கை