சதுப்பரசியின் பற்கள்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலமா? கடிதத்தைப் பார்த்ததும் பசங்களுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிடாதீர்கள். என் பையனும் உங்கள் பெண்ணும் அவர்கள் ஊரில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இது என் சொந்தக் காரியம்.

நான் முகமூடி செய்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்று உங்கள் உறவினர் ஒருவர் "மாப்பிள்ளையோட அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டதற்கு, "தையல் மாதிரி ஏதோ" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. தப்பாக நினைக்கவில்லை. டிவி தொடர்களில் வரும் ராட்சதர்கள் மேல் உயிரையே வைத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், வருஷா வருஷம் ரசிகர் சந்தை என்று ஒரு பெரிய கூடத்தில் அந்த வேஷத்திலேயே கூடுகிறார்கள், அவர்களுக்கு முகம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று ஒரே மூச்சில் சொல்ல எனக்கே வராது.

இப்போது ஒரு நூலகர், நெடுநெடுவென்று உயரமான பெண், சதுப்பரசியின் முகம் கேட்டிருக்கிறாள். சதுப்பு நிலத்து ஜனங்களைப் பற்றிய தொடர் ஒன்று ஓடுகிறது, அதில் அவள்தான் ராணி. முகம் நன்றாக வந்துவிட்டது. பல்தான் வரவில்லை. களிமண்ணில் செய்தால் சாக்பீஸ் மாதிரி இருக்கிறது. பிளாஸ்டிக்கில் செய்தால் சீப்பு மாதிரி இருக்கிறது. என் மொத்த வேலையும் பல்லை இளிக்கிறது.

நீங்கள் பல் லேபில் வேலை பார்ப்பவர். ஒரு வாயில்லா ஜீவனுக்குப் பல் கட்டித் தருவீர்களா? படம் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. என் கணவர் படத்தைப் பார்த்துவிட்டு, "யாரு இது, மாப்பிள்ளை வீட்டு ஆளா?" என்று கேட்டார். அவர் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

நான் செய்வது வயதானவர்களுக்கான பல்செட். ராணிகளுக்குச் செய்து பழக்கமில்லை. முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் படத்தைப் பார்த்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இது என்ன சாப்பிடும்?

அது தெரியாமல் பல் செய்ய முடியாது. நீங்கள் வரைந்த வாயில் முன்னால் ஊசி ஊசியாக நிற்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லை. எதை வைத்து மெல்லும்? பாவம், பட்டினி கிடந்தே செத்துவிடும்.

இப்படிக்கு,
சம்பந்தி

பின்குறிப்பு: தையல் என்று சொன்னது ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன்.


பிப்ரவரி 21

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "பயமா இருக்கணும்" என்பார்கள், "அழகா இருக்கணும்" என்பார்கள். என்ன சாப்பிடும் என்று கேட்டது நீங்கள் ஒருத்தர்தான்.

நத்தை சாப்பிடுவாள். ஓட்டோடு. இரண்டாம் பாகத்தில் விருந்துக் காட்சி ஒன்று வருகிறது. அப்புறம் ஏதோ கோரைக்கிழங்கு. ஆனால் ரசிகர்கள் விடமாட்டார்கள். கோரைப்பல் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தே ஆக வேண்டும் என்பார்கள். தொடரில் ஒரே ஒரு தடவை, அவள் கோபத்தில் சீறும்போது தெரியும். தெரிந்ததா இல்லையா என்று இணையத்தில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் 'தெரிந்தது' என்கிற கட்சி.

தாடையின் அச்சை பிளாஸ்டரில் வார்த்து அனுப்புகிறேன். தபால்காரர் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி முழித்தார்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 18

அன்புள்ள சம்பந்திக்கு,

பெட்டிக்குள் பல் இருக்கிறது, பார்த்துத் திறங்க.

நான் அந்தத் தொடரைப் பார்த்துட்டேன். விருந்துக் காட்சி மட்டும் பார்க்கலாம்னுதான் உட்கார்ந்தேன். இப்ப மூணாம் பாகத்துல இருக்கேன், என் வீட்டுக்காரர் தன் காப்பியைத் தானே போட்டுக்கிறார். அந்தச் சேனாதிபதி ராணியை ஏமாத்தப் போறான்னு எனக்கு முதல் நாளே தெரியும். கீழ்த்தாடை அப்படித் துருத்திக்கிட்டு இருக்கிறவன் பல்லைக் கடிச்சுக்கிட்டே பொறுமையா காத்திருக்கிறவன்.

விஷயத்துக்கு வரேன். ஓட்டை உடைக்கக் கோரைப்பல் உதவாது, கடைவாய்தான் வேலை செய்யும். அதனால பின்னால தட்டையா, கனமா வெச்சிருக்கேன். வெளியே தெரியாது, ஆனா அவளுக்குத் தெரியும். கோரைப்பல்லும் வெச்சிருக்கேன், அது அழகுக்கு. அழகுக்குத்தான்னு நீங்க ஒத்துக்கணும். விருந்துல அவ இடப்பக்கமாவே கடிக்கிறா, கவனிச்சீங்களா? அதனால இடப்பக்கம் கொஞ்சம் தேய்ச்சு, லேசா மஞ்சள் ஏத்தினேன். ஈறு கரும்பச்சை. அந்த நிறத்துக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

லேப் முதலாளி எட்டிப் பார்த்து, "எந்தப் பேஷன்ட்டோடது?"ன்னு கேட்டார். "வெளியூர்"னு சொல்லிட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 25

அன்புள்ள சம்பந்திக்கு,

ஒத்துக்கறேன், அழகுக்குத்தான்!

முகத்துல பொருத்தினதும் நானே ஒரு அடி பின்னால போனேன். நூலகர் வந்து போட்டுப் பார்த்தா. கண்ணாடி முன்னால உதட்டைத் தூக்கிச் சீறினா, அப்புறம் அழுதுட்டா. முகமூடிக்குள்ள அழக் கூடாதுன்னு சொன்னேன், பசை விட்டுடும்.

சந்தை ஏப்ரல் கடைசியில. என் மேஜையில ஒரு நாற்காலி சும்மாத்தான் கிடக்கும். வாங்களேன். வேஷம் போடச் சொல்ல மாட்டேன், சத்தியம்.

அன்புடன்,
சம்பந்தி


மே 4

அன்புள்ள முகமூடிக்காரிக்கு,

வீடு வந்து சேர்ந்துட்டேன். இன்னும் காதுல அந்தக் கூடத்து இரைச்சல் போகல.

நேர்ல சொல்ல வெட்கமா இருந்ததை எழுதறேன். என் வேலையில நல்ல வேலைன்னா யார் கண்ணுக்கும் படாத வேலைதான். நான் கட்டின பல்லைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் சிரிச்சா, அது அவங்க சொந்தப் பல்லுன்னு மத்தவங்க நினைக்கணும். அப்படி நினைச்சுட்டா நான் ஜெயிச்சேன். ஆனா ஜெயிச்சது யாருக்கும் தெரியாது. தெருவுல என் எதிர்க்கவே நான் செஞ்ச பல் எத்தனையோ போகுது, ஒருத்தரும் வாயைத் திறந்து இது இவங்க செஞ்சதுன்னு காட்டினதில்ல.

அந்த நூலகப் பொண்ணு கூடத்து நடுவுல நின்னு சீறினாளே, சுத்தி இருந்தவங்க அப்படியே விலகினாங்களே, அப்புறம் ஒரு தாடிக்காரர் நேரா நம்ம மேஜைக்கு வந்து, "அந்தப் பல்லு யாரு?"ன்னு கேட்டாரே. "யாரு செஞ்சது"ன்னுகூட கேட்கல, "யாரு"ன்னார். நீங்க என்னைக் கையால காட்டினீங்க. எனக்குத் தலைகால் புரியல, சொல்லிட்டேன்.

அவர் தனக்கு வேணும்னு கேட்ட சேனாதிபதி முகத்துக்கு இப்பவே தாடை வரைஞ்சுட்டேன். அச்சு அனுப்புங்க.

அன்புடன்,
பல்லு

(உங்க பக்கத்து மேஜைக்காரர் வெச்ச பேர்தான். ஒட்டிக்கிச்சு.)


ஜூலை 12

அன்புள்ள பல்லுக்கு,

சேனாதிபதியோட அச்சு இதோட வருது. ஆனா எழுத வந்தது அது இல்ல.

நேத்து பையன் வந்திருந்தான். உங்க பொண்ணும் உங்ககிட்ட சொல்லியிருப்பா. பிரிஞ்சுடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம். "சண்டை ஒண்ணும் இல்லம்மா, ஒரே வீட்டுல ரெண்டு விருந்தாளி மாதிரி இருக்கோம்"னான். நான் கத்தியிருக்கணும். அவன் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது, அதைப் பார்த்ததும் கத்த முடியல.

உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்கு என் பையன் மேல இருக்கும், இருக்கட்டும். என்ன எழுதறதுன்னு தெரியல. எழுதாம இருக்கவும் தெரியல.

அன்புடன்,
முகமூடிக்காரி


ஆகஸ்ட் 20

அன்புள்ள பல்லுக்கு,

நலமா? உங்க பொண்ணு எப்படி இருக்கா? பதில் போட வேண்டாம்னு தோணினா போட வேண்டாம். சேனாதிபதிக்கு நான் களிமண்ணுலயே ஏதாவது பண்ணிக்கறேன். தாடிக்காரர் கேட்டார், பல்லுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

முகமூடிக்காரி


செப்டம்பர் 9

எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. களிமண்ணைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற.

பொண்ணு இங்கதான் இருக்கா. முதல்ல நிறைய தூங்கினா, இப்ப வேலைக்குப் போக ஆரம்பிச்சிருக்கா. உங்க பையன் மேல எனக்குக் கோபம் உண்டு. ஆறும்னு நினைக்கிறேன், இன்னும் ஆறல. என் அக்கா வந்து, "அந்த வீட்டோட இனி உனக்கென்ன பேச்சு?"ன்னா. நியாயமாத்தான் பட்டுது. உங்க ஜூலைக் கடிதத்தை மடிச்சு வெச்சேன், ஆகஸ்ட்ல வந்ததையும் அதோட வெச்சேன். சேனாதிபதியோட தாடையை அலமாரிக்குள்ள தள்ளினேன்.

போன ஞாயித்துக்கிழமை பொண்ணு ஏதோ தேடறப்போ அதை எடுத்துட்டா. சமையல் மேஜை மேல வெச்சு, "இது யாரும்மா?"ன்னு கேட்டா. சொன்னேன். சந்தைக்குப் போனது, அந்தப் பொண்ணு சீறினது, தாடிக்காரர் கேட்டது எல்லாம் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா. அப்புறம், "ஏன் முடிக்கல?"ன்னா. நான் தாடையைத் திரும்ப அலமாரிக்குள்ள வைக்கப் போனேன். அவளுக்குப் புரிஞ்சுடுச்சு.

"அம்மா, எனக்கும் அவனுக்கும் ஒத்து வரல. உனக்கும் அத்தைக்கும் ஒத்து வருதுல்ல? அதை ஏன் எனக்காகக் கெடுத்துக்கறே? எனக்கு ஒரு பாரம் போதும்."

அன்னைக்கே மெழுகைச் சூடு பண்ணினேன். பல் இதோட வருது. கீழ்த்தாடையில ரெண்டு பல்லைக் கோணலா விட்டிருக்கேன், அவன் புத்தி மாதிரி.

ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. கடிதத்துக்கு மேல யாருக்குன்னு ஒண்ணும் போடல. சம்பந்தின்னு போட முடியாது. பட்டப்பேரு போட்டா விளையாட்டா எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான் அப்படியே விட்டுட்டேன். உங்களுக்கு ஏதாவது தோணினா சொல்லுங்க.

பல்லு


செப்டம்பர் 17

பல்லு,

உன் பார்சல் வந்தது. இனிமே நீ, வா, போதான். கேட்டுட்டு எழுதலாம்னு பார்த்தேன், கேட்டா நீ யோசிப்பே. அதான் எழுதிட்டேன். நீயும் அப்படியே எழுது, நீங்க நாங்கன்னா தபாலைத் திருப்பி அனுப்பிடுவேன்.

சேனாதிபதி பிரமாதம். அந்தக் கோணல் பல்லைப் பார்த்தாலே ஓங்கி ஒண்ணு வைக்கணும்னு இருக்கு. தாடிக்காரர் நாளைக்கு வரார். உன் பொண்ணுகிட்ட நான் கேட்டதாச் சொல்லு. தோணினா அவளே பேசட்டும், கட்டாயம் ஒண்ணும் இல்ல. பையன்கிட்ட நாம பழையபடி வேலை பார்க்கிறதைச் சொன்னேன். "அப்பாடா"ன்னான்.

அடுத்த சந்தைக்கு இப்பவே மேஜை பதிவு பண்ணப் போனேன். இந்தத் தடவை பலகையில முகமும் பல்லும்னு ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த பொண்ணு எழுதிக்கிட்டே, "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா.

சம்பந்தின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம், "ரொம்ப வேணும்மா"ன்னேன். அவ தலையை ஆட்டிட்டு எழுதிக்கிட்டா.

முகமூடிக்காரி