சாராயத்தில் வெளுத்த நத்தைகள்

திருச்சிராப்பள்ளி
8-2-1959

அன்புள்ள விஜயா,

நீ வரைந்து அனுப்பிய மூன்று படமும் கசங்காமல் வந்தன. ஓடில்லாத இந்தக் கடல் நத்தைகளை எங்கள் கல்லூரியில் பாட்டிலில்தான் பார்த்திருக்கிறேன். எல்லாம் செத்து வெளுத்தவை. உயிரோடு இருக்கும்போது இத்தனை நிறம் என்பது மச்சான் முங்கிப் பார்த்து வந்து சொல்லித்தான் தெரிகிறது. பாறையில் சிக்கிய வலையை எடுத்துவிடப் போகிற மனிதர், எனக்காகச் சுண்டுவிரல் நீள நத்தையைத் தேடுகிறாரே!

முதல் இரண்டுக்கும் புத்தகத்தில் பேர் இருக்கிறது. மூன்றாவதுதான் என்னைப் படுத்துகிறது. நீல உடம்பு, ஓரத்தில் மஞ்சள் கோடு என்கிறாய். அந்தச் சாடையில் நாலைந்து வகை உண்டு. தலையிலிருக்கும் இரண்டு கொம்பும் என்ன நிறம்? முதுகின் பின்பக்கம் பூப்போல விரிகிற செவுள் என்ன நிறம்? கேட்டு எழுது. எதிலும் சேராவிட்டால் இதுவரை யாரும் பேரிடாத நத்தையாகக்கூட இருக்கலாம். கட்டுரை எழுது என்று துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். அது வந்தால் வேலை நிரந்தரம். அப்புறம் நீ அண்ணன் வீட்டிலும் நான் இந்த அறையிலும் கிடக்க வேண்டியதில்லை.

ஒரு சங்கடம். நத்தையை ஸ்பிரிட்டில் போட்டு வைக்க வேண்டும். மதுவிலக்கால் இங்கே அதற்குப் பர்மிட், கையெழுத்து என்று ஆயிரம் தொல்லை. உங்கள் பக்கத்துக் கடைச் சாராயமே போதும். இரண்டு பாட்டிலில் போட்டு மச்சானிடம் கொடுத்தனுப்பு. கடலூரில் ரயில் ஏறினால் இங்கே வந்துவிடலாம். உள்ளே நத்தை மிதக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள்?

உன்,
தணிகைவேல்


பூரணாங்குப்பம்
15-2-1959

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அண்ணன் பாறைக்குப் போனார். கடல் தெளிந்திருந்தாலும் அடியில் இழுப்பு அதிகமாம். கடைசித் தடவை முங்கி எழுந்தபோது மூக்கில் ரத்தம். கண்ணகி அண்ணி கரையிலேயே பிடித்துக்கொண்டார். "புழு பொறுக்கறதுக்கா உன்ன பெத்தாங்க? கைல கொழந்த இருக்குது, நெனப்பு இருக்குதா?" என்று ஒரே சத்தம். அண்ணன் சிரித்துக்கொண்டே என்னிடம், "கொம்பு செவப்புடி, வெத்தல போட்ட நாக்கு மாரி. பின்னால விரியறது வெள்ள. எழுதிக்க" என்றார்.

அவர் பிடித்து வந்ததை நான் சொம்பில் கடல் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. சாராயத்தில் போட்டதும் முதலில் சிவப்பு போயிற்று; சாயங்காலத்துக்குள் நீலமும் போய், இப்போது உரித்த பூண்டுப் பல் போலக் கிடக்கிறது. பார்க்கவே பாவமாக இருந்தது.

எல்லையைத் தாண்டிச் சாராயம் எடுத்துப் போவதுதான் எனக்குப் பயம். அண்ணனிடம் சொன்னேன். "பிரெஞ்சுக்காரனே பூட்டான், இன்னாடி எல்லை?" என்கிறார். பிரெஞ்சுக்காரன் போனாலும் நமக்குக் கடை இருக்கிறது, அந்தப் பக்கம் மதுவிலக்கு இருக்கிறதே. நீங்கள் சொன்னதால் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை புறப்படுகிறார். வந்து சேர்ந்ததும் ஒரு கார்டு போடுங்கள்.

உங்கள்,
விஜயா


பூரணாங்குப்பம்
22-2-1959

மாமாவுக்கு,

அண்ணன் திருச்சிக்கு வரவில்லை என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எல்லையில் முள்ளோடை தாண்டியதும் மதுவிலக்குப் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறது. பையில் இரண்டு பாட்டில். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "தொட்டுக்கக் கறியும் உள்ளாறயே போட்டுக்கினு வந்தியா?" என்று கேட்டார்களாம். கல்லூரிக்கு, என் தங்கை வீட்டுக்காரருக்கு என்று அண்ணன் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். நம்பவில்லை. கடலூர் சப் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் சொத்துள்ளவர் யாராவது ஜாமீன் நிற்க வேண்டுமாம். நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். நீங்கள் நேரில் வந்து, இவை பாடத்துக்கான நத்தைகள், நான்தான் கேட்டேன் என்று சொன்னால் போதும் என்கிறார். உடனே புறப்பட்டு வாருங்கள்.

விஜயா


திருச்சிராப்பள்ளி
26-2-1959

அன்புள்ள விஜயா,

கடிதம் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மச்சான் என்னால்தான் ஜெயிலில் இருக்கிறார்.

ஆனால் நீயும் நிதானமாக யோசிக்க வேண்டும். பர்மிட் இல்லாமல் சாராயம் வரவழைத்தேன் என்று கோர்ட்டில் என் வாயால் சொன்னால் மறுநாளே கல்லூரிக்குத் தெரியும். நிரந்தரமாகாதவனை வெளியே அனுப்ப ஒரு தாள் போதும். அப்புறம் நமக்கு ஏது வாழ்க்கை? மச்சானுக்கு இது முதல் தடவை. மிஞ்சிப்போனால் கொஞ்ச நாள். மனசு திடமுள்ளவர், தாங்கிக்கொள்வார். கோர்ட்டுச் செலவு எதுவானாலும் நான் அனுப்புகிறேன்.

சாராயம் பற்றி நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. யாரிடமும் காட்டாதே.

உன்,
தணிகைவேல்


பூரணாங்குப்பம்
5-3-1959

மாமாவுக்கு,

நேற்று சப் ஜெயிலில் அண்ணனைப் பார்த்தேன். தாடி வளர்ந்து, ஆளே பாதியாகிவிட்டார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள வராராடி?" வருகிறார் என்றேன். வேறு என்ன சொல்வது?

வீட்டில் அடுப்பு பற்றவைக்கவே கை வரவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டார். "ஒன் வூட்டுக்காரர் பேர் வைக்கறதுக்குப் பூச்சி கேட்டாரு. என் வூட்டுக்காரர் கம்பி எண்றாரு. இன்னாடி நாயம் இது?" எனக்கும் அந்தக் கேள்விதான்.

உங்கள் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. வக்கீல் அதைக் கேட்டார். கொடுத்தால் உங்களையும் குற்றவாளியாகச் சேர்த்துவிடுவார்களாம். நீங்களாக வந்து சொன்னால் சாட்சியோடு போய்விடுமாம். அதனால் கொடுக்கவில்லை. கிழிக்கவுமில்லை.

விசாரணை 16-ஆம் தேதி, திங்கட்கிழமை. இனி நான் கெஞ்சி எழுத மாட்டேன். அன்றைக்கு உங்களை எதிர்பார்ப்பேன்.

விஜயா


திருச்சிராப்பள்ளி
18-3-1959

என் அன்புள்ள விஜயா,

நான் வந்திருந்தேன். இதை நீ நம்ப வேண்டும்.

ஞாயிறு இரவு முழுக்கத் தூங்காமல் கடைசியில் ரயிலேறினேன். வண்டி தாமதம். கோர்ட்டு வாசலுக்கு நான் வந்தபோது நீ கூண்டில் ஏறிப் பேசிக்கொண்டிருந்தாய். பாட்டிலில் சாராயம் ஊற்றியது நான், அண்ணனுக்கு அது சாராயம் என்றே தெரியாது, மருந்துத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தேன் என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. மாஜிஸ்திரேட் பாட்டிலைக் காட்டி இது என்ன என்று கேட்டார். செத்து வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து நீ நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். கோர்ட்டே அசையாமல் கேட்டது. அப்போது நான் உள்ளே வந்து வேறு மாதிரி சொன்னால் நீ சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். உனக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். மச்சானை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் திரும்பினேன்.

உனக்கு அபராதம் போட்டு, கோர்ட்டு கலையும் வரை காவலில் உட்கார வைத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மனசு வெந்துபோயிற்று. இதற்கெல்லாம் சேர்த்து உன்னை நன்றாக வைத்துக்கொள்வேன். வீடு பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

உன்,
தணிகைவேல்

பி.கு. பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தார்களா? அந்த மூன்றாவது எந்தப் புத்தகத்திலும் இல்லை.


பூரணாங்குப்பம்
25-3-1959

தணிகைவேல் அவர்களுக்கு,

அண்ணன் வீடு வந்து சேர்ந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. அண்ணி என்னோடு பேசுகிறார்.

பாட்டில்களைத் தரவில்லை. கோர்ட்டுக் கொல்லையில் சாராயத்தைக் கவிழ்த்தார்கள், நத்தைகளோடு. காவலில் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எனக்குத் தெரிந்தது. காக்கை ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

நீங்கள் வந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அண்ணன் பேரைக் கூப்பிடுவதற்கு முன்பே உங்களைப் பார்த்துவிட்டேன். தாழ்வாரத்துத் தூணோரம் நின்றிருந்தீர்கள், கையில் நான் பின்னிக் கொடுத்த பை. எனக்கு உயிர் வந்தது. வக்கீலிடம் வந்துவிட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் இன்னொரு வழக்கை முன்னால் விடச் சொல்லிக் கேட்டு வாங்கினார். அது முடிகிற வரை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். பிறகு செருப்பைப் பார்த்தீர்கள். அதன் பிறகுதான் நான் கூண்டில் ஏறினேன்.

பயம் எல்லோருக்கும் வரும். பயந்துபோனேன் விஜயா என்று ஒரு வரி எழுதியிருந்தால், இந்நேரம் துணியை மூட்டை கட்டியிருப்பேன். எனக்காக வாயைக் கட்டிக்கொண்டதாக எழுதுகிறீர்கள். அந்த வரியோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது. வீடு பார்க்க வேண்டாம்.

நத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொம்பு சிவப்பு, செவுள் வெள்ளை, ஓரம் மஞ்சள். அதில் பொய் இல்லை. என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கூண்டில் வாசலுக்கு முதுகு காட்டி நின்றதால் உங்களைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கல்லூரியில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பாவம், தவிச்சிப் போயிருப்பாரு" என்றார். எப்போதாவது அவரைப் பார்க்க நேர்ந்தால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

விஜயகுமாரி