ஸ்ரீரங்கத்து ஆர்டர்

9 மார்ச் 1981, திங்கள்

பாங்கில் மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கிறேன். தையல் சங்கத்துக்குப் பொருளாளர் ஆகி இன்றோடு பத்து நாள். முன்பு இருந்தவர் மதுரைக்கு மாற்றலாகிப் போனதும் சங்கத் தலைவர், ரிடயரான வாத்தியார் பாக்கியநாதன் சார் என்னைப் பிடித்துப் போட்டார். "கூட்டுறவு பாங்குல பதினெட்டு வருஷமா கணக்கு எழுதற. இது உனக்கு ஒரு வேலையா லூர்து?" என்றார்.

வேலையே இல்லைதான். மன்னார்புரத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒன்பது தையல் மெஷின், பதினான்கு பெண்கள். தலையணை உறை தைக்கிறார்கள், நடுவில் கொஞ்சம் ஜாக்கெட், பாவாடையும். துணிக்கும் வாடகைக்கும் உறுப்பினர் சந்தா. கூலிக்கு விற்பனைப் பணம். ஆளுக்கு மாதம் அறுபது ரூபாய்.

வருஷக் கணக்கில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு மாதமும் ஒரே வரி: "ஸ்ரீரங்கம் கடை ஆர்டர், ரூ. 700." தீபாவளி மாதமும் எழுநூறு, மழையில் ஊரே முடங்கிய மாதமும் எழுநூறு. எந்தக் கடையில் இப்படி விற்கும்? பில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

14 மார்ச், சனி

சாரிடம் பில் கேட்டேன். "கடையிலயே இருக்கும்மா, அவர் பெரிய மனுஷர், அவர்கிட்டப் போய் பில்லு கேக்கறதா?" என்றார். பில் இல்லாமல் கையெழுத்து போடமாட்டேன் என்றேன். எனக்கு இந்த பாங்கு வேலையே அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கிடைத்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

21 மார்ச், சனி

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். சித்திரை வீதியில் அந்தக் கடை. கடைக்காரர் அய்யங்கார் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். "நான் மாசம் மூணு டஜன்தான் எடுத்துக்கறேன்மா. பாக்கியநாதன் சாருக்காக. அதுவே போறதில்லை, அந்த அலமாரியில பாருங்கோ, போன வருஷத்துச் சரக்கு" என்றார்.

மூன்று டஜன். உறை இரண்டு ரூபாய். எழுபத்திரண்டு ரூபாய்.

மிச்சம் அறுநூற்று இருபத்தெட்டு எங்கிருந்து வருகிறது? பணம் காணாமல் போனால் எனக்குப் புரியும். மாதாமாதம் எங்கிருந்தோ வந்து சேருகிற பணத்தை நான் பாங்கில்கூடப் பார்த்ததில்லை. திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் அரைமணி நேரம் நின்றது. இறங்கி நடந்தே வந்திருக்கலாம்.

22 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராக கிராப்பட்டியில் சார் வீட்டுக்குப் போனேன். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்தார்.

ஜன்னல் உயரத்துக்கு உறை. பூப்போட்டது, கோடு போட்டது, கொட்டகையில் செல்வமேரி தைத்த ரோஜா வைத்தது. ஆஸ்பத்திரிக்கும் அநாதை இல்லத்துக்கும் கொடுத்தது போக மீதி அது.

"ஜீயபுரத்துல என் பங்கு வாழைத்தோப்ப வித்தேன். பதினாறாயிரம். அதுலேர்ந்துதான்."

"ஏன் சார்? நன்கொடைன்னே எழுதியிருக்கலாமே?"

"தானம்னு சொன்னா வாங்குவாங்களா? செல்வமேரி முதல் கூலி வாங்கினப்ப என்ன சொன்னா தெரியுமா? 'இது நான் சம்பாதிச்சது சார், இத எம் புருஷன் தொட முடியாது'ன்னா. அத எப்படிம்மா கெடுக்கறது?"

மீதி எவ்வளவு என்று கேட்டேன். தொள்ளாயிரத்துச் சொச்சம். இரண்டு மாதம்கூட முழுசாக வராது. அப்புறம்? வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கப் பேசி வைத்திருக்கிறாராம். மனைவி தவறிவிட்டார், பிள்ளை பம்பாயில். அறுபத்தாறு வயசு மனிதருக்கு இருப்பது அந்த ஒரு வீடு.

"யாருக்கும் சொல்லாத லூர்து. எனக்காக."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

24 மார்ச், செவ்வாய்

கையெழுத்து போடவில்லை.

29 மார்ச், ஞாயிறு

என்ன பண்ணலாம், என்ன பண்ணலாம் என்று ஒரு வாரம் போயிற்று. சொல்லாவிட்டால் வீடு போகும், பிறகு கொட்டகையும் போகும். சொன்னால் அந்தப் பதினான்கு பேர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஆனால் அவர்கள் கூலி எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கே தெரியாமல் ஒரு சங்கமா? சொல்லத்தான் வேண்டும். சொல்வதென்றால் வெறுங்கையோடு போய்ச் சொல்லக் கூடாது.

இன்று மதியம் தம்பி சகாயம் சோற்றைப் பிசையும்போது முகம் சுளித்தான். உள்ளங்கையில் வரிசையாகத் தீப்பொறி சுட்ட புள்ளி. துவாக்குடிப் பட்டறையில் வெல்டிங் வேலை. "கையுறை போடலியா?" என்றேன். "மெட்ராஸ்லேர்ந்து வரணும்க்கா. ஒரு ஜோடி பதினஞ்சு நாள்கூட தாங்காது. கிழிஞ்சா முதலாளி சட்டுனு வேற தரமாட்டாரு."

"துவாக்குடியில எத்தனை பட்டறைடா இருக்கு?"

"முப்பது நாப்பது இருக்கும். ஏன்?"

சோறு ஆறிப்போனது தெரியாமல் அவனையே கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன துணி, எந்த அளவு, என்ன விலை. அவன் பையில் கிடந்த பழைய ஜோடியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

4 ஏப்ரல், சனி

காலையில் சாரிடம் போய்ச் சொன்னேன், இன்று சொல்லப்போகிறேன் என்று. கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமாகக்கூடச் சாத்தவில்லை.

கொட்டகையில் அளவு எழுதும் கரும்பலகையைத் துடைத்து, போன மாதக் கணக்கை எழுதினேன். ஸ்ரீரங்கம் கடை 72. ஜாக்கெட், பாவாடை தைத்த வகையில் 140. பாக்கியநாதன் சார் கொடுத்தது 628. கூலி 840. சாரிடம் மீதி இருப்பது 928. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. விற்காத உறையெல்லாம் சார் வீட்டு அறையில் கிடப்பதையும் சொன்னேன்.

மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவர்களில் நன்றாகப் படிக்கத் தெரிந்த ரஷீதா மற்றவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும் செல்வமேரி எழுந்தாள். பதினான்கு பேரில் மூத்தவள், என்னைவிடவும் மூத்தவள்.

"அப்ப நாங்க ரெண்டு வருஷமா பிச்சையா வாங்கிட்டிருந்தோம்?"

"இல்ல மேரிக்கா..."

"இதச் சொல்லாம இருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? கௌரவமா இருந்தோம். கெடுத்துட்ட."

நூலை அறுத்து, மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போனாள். எட்டுப் பேர் பின்னாலேயே போனார்கள். கையுறையைப் பற்றி நான் பேச வாயே எடுக்கவில்லை. பையிலேயே கிடந்தது.

நான் பண்ணது தப்பா? தப்பில்ல.

5 ஏப்ரல், ஞாயிறு

கோயிலில் சார் என்னைப் பார்க்காமல் போனார்.

7 ஏப்ரல், செவ்வாய்

பாங்கு விட்டு கொட்டகைக்குப் போனேன். ஐந்து பேர். ரஷீதா கரும்பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். புருஷன் துபாய் போய் இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. மாமியாரையும் சேர்த்து இவள் சம்பாத்தியம்தான்.

"நான் மாசம் இருபத்தஞ்சு உறை தைக்கறேன்க்கா. அதுல எத்தனை வித்துச்சு?"

"ரெண்டு மூணு இருக்கும்."

கரும்பலகையைத் திரும்பப் பார்த்தாள். "அப்ப யாரும் வாங்காத சாமானத்த தச்சிருக்கோம். வாங்கற சாமானம் எது?"

கையுறையை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள், விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள், விளிம்பைப் பல்லால் கடித்துக்கூடப் பார்த்தாள். "கேன்வாஸ். பதினெட்டாம் நம்பர் தடி ஊசி வேணும். துணி வாங்கப் பணம்?"

அதுதான் இல்லை என்றேன். சந்தாப் பணம் வாடகைக்கும் வாங்கிய உறைத் துணிக்குமே சரியாகிவிடும்.

"சார் வீட்ல ஒரு ரூம் நிறைய எங்க உறை கிடக்குன்னு சொன்னீங்கள்ல? அது எங்க சரக்குதானே?"

11 ஏப்ரல், சனி

ரஷீதாவும் இன்னும் இரண்டு பேரும் சார் வீட்டிலிருந்து குதிரை வண்டியில் உறைகளை ஏற்றி மெயின்கார்டு கேட் நடைபாதையில் பரப்பிவிட்டார்கள். ஒன்று ஒரு ரூபாய். சார் அறைச் சாவியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாராம். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பத்து விற்றது. தொண்டை கட்டிப்போய் வந்தாள் ரஷீதா. "ஒரு ரூபாய்னா வாங்கறாங்கக்கா. ரெண்டு ரூபாய்க்குத்தான் யாரும் வாங்கல."

செல்வமேரி வாசலில் நின்றாள். "எம் மெஷின யாராச்சும் தொட்டீங்களா?" யாரும் தொடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். என்னோடு பேசவில்லை. நான் கரும்பலகையில் 210 என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

23 ஏப்ரல், வியாழன்

அரை நாள் லீவு போட்டு துவாக்குடி. சகாயத்தின் முதலாளி தங்கையன் முதலில் சிரித்தார். "தலகாணி உறை தைக்கறவங்க வெல்டருக்குத் தைப்பீங்களா?" நான் விலை சொன்னேன். மெட்ராஸ் சரக்கு ஐந்து ரூபாய். எங்களது மூன்றேகால். கேன்வாஸும் நூலும் ஊசியும் ஒரு ரூபாய் எண்பது, தைப்பவருக்கு ஒரு ரூபாய், சங்கத்துக்கு நாற்பத்தைந்து பைசா. இதையும் அப்படியே சொல்லிவிட்டேன். "உங்க லாபத்தையே சொல்றீங்களேம்மா" என்றார். கேட்கிற எல்லோருக்கும் சொல்வதுதான் என்றேன். இருபது ஜோடி கொண்டுவரச் சொன்னார்.

9 மே, சனி

இருபதில் பதினேழு திரும்பி வந்துவிட்டது. துணி நன்றாக இருக்கிறது. தையல் மேலே தெரிகிறது, பொறி விழுந்து நூல் கருகி, விரல் விரலாகப் பிரிந்துவிட்டது. "ஒரு பையன் கைக்குள்ள பொறி இறங்கிட்டுதும்மா. வேணாம், விட்டுடுங்க" என்றார் தங்கையன்.

பதினேழையும் கரும்பலகையில் எழுதினேன். நஷ்டம், பைசா வரைக்கும். எழுதும்போது முதுகில் பதினான்கு ஜோடிக் கண். எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள், பார்ப்பதற்காகவாவது. ஏப்ரல் கூலி கொடுத்ததில் சாருடைய பணம் தீரும் நிலை. மே மாதம் தைத்ததற்கு மட்டும்தான் கூலி. அதையும் எழுதினேன்.

"இன்னும் எத்தனை தடவ இதெல்லாம் எழுதுவ?" என்றாள் செல்வமேரி. ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "சரியா வர்ற வரைக்கும்" என்றேன்.

17 மே, ஞாயிறு

செல்வமேரி வீட்டுக்கு வந்தாள்! மெட்ராஸ் கையுறை ஒன்றை சகாயத்திடம் கேட்டு வாங்கி, தையலைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். "பாரு. ரெண்டு துணிக்கும் நடுவுல ஒரு தோல் பட்டைய வெச்சு தச்சுத் திருப்பியிருக்கான். நூலு உள்ள போயிடுது. பொறி பட்டைமேல விழுந்து போயிடும். செருப்புக் கடையில துண்டுத் தோல் சும்மா கிடக்குது." கையோடு ஒரு ஜோடி தைத்தும் கொண்டுவந்திருந்தாள். சகாயம் அதைப் போட்டுக்கொண்டு கழற்றவே இல்லை.

காப்பி குடித்துவிட்டுப் போகும்போது, "உம்மேல கோவம் இன்னும் போகல" என்றாள்.

13 ஜூன், சனி

அறுபது ஜோடி. அறுபதையும் தங்கையன் எடுத்துக்கொண்டார்.

29 ஆகஸ்ட், சனி

நான்கு பட்டறைகள், முந்நூற்று நாற்பது ஜோடி. ஆளுக்கு இருபத்து நாலு ரூபாய்தான் வருகிறது. அறுபது வாங்கியவர்களுக்கு இருபத்து நாலு. இரண்டு பேர் வீட்டு வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து தைக்கிறார்கள். யாரும் விட்டுப் போகவில்லை.

இன்று செல்வமேரியும் ரஷீதாவும் சார் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகு இப்போதுதான் கொட்டகைக்கு வருகிறார். கரும்பலகையின் மேல் ஓரத்தில் ரஷீதா எழுதியிருந்தாள்: "பாக்கியநாதன் சார் இரண்டு வருஷம் ஒரு மாதம் கொடுத்தது ரூ. 15,700." அவர் முகம் சிவந்துவிட்டது. "இத அழிங்க. பேர் போடறதுக்காகவா கொடுத்தேன்?"

"எங்க கூலிய யார் கொடுத்தாங்கன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா சார்?" என்றாள் ரஷீதா. "நீங்க மறைச்சதுக்குத்தான் எங்களுக்குக் கோவம். கொடுத்ததுக்கு இல்ல."

செல்வமேரி ஒரு கையுறையை எடுத்து நீட்டினாள். "போட்டுப் பாருங்க சார். இது விக்குது."

போட்டுக்கொண்டு, விரல்களை மடக்கி நீட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

30 அக்டோபர் 1982, சனி

ஒரு வருஷத்துக்கு மேலாகிறது இதில் எழுதி. நேரமில்லை. மாதம் எண்ணூறு ஜோடிக்குக் குறைவதில்லை. போன மார்ச்சில் வருஷக் கணக்கில் ஒரு கேள்வி இல்லாமல் கையெழுத்து போட்டேன்.

இன்று பொதுக்கூட்டம். கையிருப்பு 1,470. மோட்டார் வைத்த கனமான மெஷின் ஒன்று செகண்ட் ஹாண்டில் 1,800க்கு வருகிறது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் வாங்கிவிடலாம். எல்லாக் கணக்கும் போட்டு வைத்திருந்தேன். அரைமணி நேரம் பேசினேன்.

ரஷீதா எழுந்தாள். "மெஷின் வேணும்க்கா. ஆனா போன வருஷம் தீவாளிக்கும் கிறிஸ்மஸுக்கும் பெருநாளுக்கும் நாங்க கடையில கடன்தான். இந்தத் தடவ ஆளுக்கு எழுபத்தஞ்சு எடுத்துக்கலாம். ஆயிரத்து அம்பது. நானூத்தி இருபது மீதி இருக்கும், அதுலேர்ந்து மெஷினுக்குச் சேர்ப்போம்." கணக்கு சரியாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

கை தூக்கச் சொன்னேன். என் பக்கம் நான்கு. அவர்கள் பக்கம் பன்னிரண்டு. பாயின் ஓரத்தில் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்திருந்த பாக்கியநாதன் சாரும் அந்தப் பன்னிரண்டில் ஒருவர். என் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வவுச்சர் எழுதி, பதினான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். பஸ் ஸ்டாப் வரை சார் கூடவே நடந்து வந்தார்.

"கோவமா லூர்து?"

"ஆமா சார்."

"முப்பது வருஷம் ஸ்கூல்ல, அப்புறம் இந்தச் சங்கத்துல, எல்லாரையும் கை தூக்கச் சொல்லியிருக்கேன். நானா தூக்கினது இன்னிக்குத்தான்" என்றார். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவருக்கு.

மெஷினுக்கு இன்னும் நாலு மாதம் ஆகும்.