நாற்றின் வயது

1978 நவம்பர் 9, வியாழன்

சனிக்கிழமை நடவு தொடங்கலாம் என்றான், என்னோடு பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் சிவசுப்பிரமணியன். வழக்கம்போல எங்கள் பதினாலு ஏக்கர் முதலில். நட வரும் முப்பத்தெட்டுப் பெண்களின் குடும்பங்களுக்கும் அதே குளத்துப் பாசனத்தில் முப்பது சென்ட், நாற்பது சென்ட் என்று சொந்த வயல் உண்டு. எங்களுடையது முடிந்தபிறகு அவர்களுடையது.

சொல்லி முடித்ததும் நடவுப் பெண்களுக்குத் தலைவியான மாரித்தாய் நகரவில்லை. “உங்க நாத்து இன்னும் பால்குடி மறக்கலையேம்மா. எங்க நாத்து மாப்பிள்ளை பாக்கச் சொல்லுது.”

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிறகு, வீட்டுக்குள் வந்து, கொஞ்சம்.

நவம்பர் 10

போய்ப் பார்த்தேன். மாரித்தாயின் நாற்றுக்கு இருபத்தெட்டு நாள். எங்களுடையது பதினெட்டுதான். போன வருஷம் எங்கள் நடவு பதினோரு நாள் இழுத்தது. இந்த வருஷமும் அப்படியானால் அவளுடையது நாற்பது நாளைத் தொட்டுவிடும். ஐஆர் இருபது ரக நெல் அத்தனை நாள் தாங்காது. முற்றிக் கணு விட்ட நாற்றை நட்டால் தூர் கட்டாது, விளைச்சல் குறையும்.

இரண்டு வருஷமாக அவளுக்குப் பாதி விளைச்சல்தான். இந்த முறையும் பொய்த்தால் தன் நாற்பது சென்டை விற்றுவிடுவாள். இதைச் சொன்னவன் சிவசுப்பிரமணியன், அதுவும் நல்ல செய்தியாக. அவள் வயல் எங்கள் இரண்டு வயல்களுக்கு நடுவில் இருக்கிறது.

சென்னையில் எம்.ஏ. படித்தபோது பெரிய பண்ணைதான் சிக்கனமானது என்று பன்னிரண்டு பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் நாற்றுக்கு வயது உண்டு என்று ஒரு வரிகூட இல்லை.

நவம்பர் 11

நடவு தொடங்கவில்லை. ‘இரண்டு நாள் பொறு’ என்றேன். சிவசுப்பிரமணியனுக்கு முகம் இருண்டது.

மாரித்தாயைக் கூப்பிட்டு, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றேன். தயாராக வந்திருந்தாள். மூத்த நாற்று முதலில். அது யாருடையதாக இருந்தாலும் சரி. முப்பத்தெட்டுப் பேரும் எப்போது விதை பாவினார்கள் என்று வாயாலேயே ஒப்பித்தாள். தான் பாவியது புரட்டாசிக் கடைசி வெள்ளி. பிச்சையா வயலுக்குப் பாவியது, மாடு முட்டி அவன் படுத்த அன்று. “நீங்க திங்கக்கிழமை. அண்ணாச்சி புது வேட்டியோட வரப்புல வழுக்கி விழுந்தாங்களே, அன்னைக்கி.”

என் குறிப்பேட்டைப் புரட்டினேன். அக்டோபர் 23, திங்கள். சிவசுப்பிரமணியன் வழுக்கி விழுந்ததை நான் எழுதியிருக்கவில்லை.

அவள் வரிசைப்படி எங்களுக்கு முன்னால் பதினெட்டுப் பேர். நாலு நாளில் முடியும். அப்போது எங்கள் நாற்றுக்கு இருபத்தைந்து நாள், சரியான வயது. கணக்கில் பிழையே இல்லை. எனக்கு மனிதர்கள்மீதுதான் சந்தேகம். கேட்டேவிட்டேன்: தங்கள் வயலை நட்டு முடித்தவர்கள் எங்கள் வயலுக்கு ஏன் வர வேண்டும்?

“வராம எங்கன போவோம்? இப்பவும்தான் வாரோம். கை உங்க வயல்ல, கண்ணு எங்க நாத்தங்கால்ல. அதான் பதினோரு நாள் இழுத்துச்சு.”

இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? நான்தான் கேட்டேனா?

சிவசுப்பிரமணியன் ராத்திரி சாப்பாட்டில் வெடித்தான். “நம்ம வயல்ல நாலு குத்து வச்ச பெறவுதான் ஊர்க்காரன் சேத்துல கால் வைப்பான். பெரிய வீடு கியூவுல நிக்கணுமா மதினி?”

நவம்பர் 12

சரி என்று மாரித்தாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சிவசுப்பிரமணியன் இன்று சாப்பிட வரவில்லை.

நவம்பர் 13, திங்கள்

முதல் வயல் மாரித்தாயுடையது. பத்தரைக்குள் முடிந்தது. கரையேறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்து ஆவுடையப்பன் வயலில் இறங்கினாள். நானாக இருந்தால் ஒரு நிமிஷமாவது நின்று பார்த்திருப்பேன்.

நவம்பர் 17, வெள்ளி

காலை ஏழரை. எங்கள் முறை. விடியலிலிருந்து மழை. பறித்த நாற்று கட்டுக்கட்டாக வயலில் கிடக்கிறது. ஒரு ஆளைக் காணோம். சிவசுப்பிரமணியன் வரப்பில் நிற்கிறான். குடையை விரித்து மடக்குகிறான், விரித்து மடக்குகிறான். ஏமாந்துட்டேனா? படிச்சு என்னத்தைக் கண்டேன்—

மாலை. எட்டே காலுக்கு வந்தார்கள். பிச்சையா வயலில் நேற்று நட்டதை மழை ஒரு மூலையில் பெயர்த்துவிட்டதாம். அதை ஊன்றிவிட்டு வந்தார்கள். முப்பத்தெட்டு அல்ல, நாற்பத்தாறு பேர். ராயகிரியிலிருந்து தங்கச்சி, நாத்தனார் என்று கூட்டி வந்திருக்கிறார்கள். தலையில் மழைக்குச் சாக்குக் கொங்காணி, வாய் ஓயாத கேலி. “அண்ணாச்சி, குடையைப் பொறுமையா விரிங்க, கம்பி ஒடிஞ்சிரும்!” என்றாள் மாரித்தாய். அவனும் சிரித்துவிட்டான்.

காலையில் எழுதியதை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 20

நாலே நாளில் பதினாலு ஏக்கர். கோணலாக ஒரு வரிசை இல்லை.

1979 பிப்ரவரி 27

மாரித்தாய் வயலில் அறுப்பு. போன வருஷத்தைப்போல இரண்டு பங்கு. விற்கிற பேச்சை அவள் எடுக்கவில்லை, நாங்களும்தான்.

அக்டோபர் 28, ஞாயிறு

நடவு வரிசை கேட்க சிவசுப்பிரமணியன் தானே மாரித்தாய் வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். முகம் சரியில்லை. என்ன என்றேன்.

“பதினாலாவது. மூணு நாள் முந்திப் பாவியிருந்தா ஒம்பதாவதா வந்திருப்போம் மதினி. நீங்கதான் தாமசம் பண்ணிட்டீங்க.”