மூன்று நாள் பிந்திய திவசம்

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு, கரையிலிருந்து உன் தங்கை எழுதுவது.

உன் கப்பலை உடைத்துவிட்டார்கள். ஜெர்மன் யுத்தத்தின்போது ஆகாய விமானங்களைச் சுமந்துகொண்டு போனதே, நீ தையற்காரனாக ஏறிப் போனாயே, அதே கப்பல்தான். யுத்தம் முடிந்ததும் விமானங்களை இறக்கிவிட்டு, அரிசியும் கரியும் ஏற்றிப் பல வருஷம் ஓட்டினார்களாம். கிழடு தட்டியதும் இரும்பு விலைக்கு ஜப்பான்காரனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதை வந்து சொன்னவர் ராயப்பேட்டைக் காசிம் பாய். உன்னோடு அதில் லஸ்கராக, கப்பல் கூலியாளாக, வேலை பார்த்தவர். அந்தக் கப்பலின் கடைசிப் பயணத்திலும் இருந்திருக்கிறார். போன மாதம் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது.

"தண்ணி ஏறுற நேரம் பார்த்து, புல் ஸ்பீடுல கரையில முட்ட வுட்டாங்கம்மா," என்றார். "அது ஒரு சத்தம் போட்டுது பாருங்க, மாடு கத்துறாப்பல. மறுநாளே ஆளுங்க மேல ஏறி வெட்டிக்கினு கீறானுங்க. கப்பல்ல தெனம் நடக்குறத எய்துற புஸ்தகம், காயிதம் அல்லாத்தையும் குமிச்சு நெருப்பு வெச்சுட்டானுங்க. இரும்புக்குத்தானே துட்டு, காயிதத்துக்கு இன்னா கீது?"

அண்ணா, விமானத்தின் இறக்கை துணியால் ஆனது என்று நீ கடிதம் எழுதியபோது இங்கே யாரும் நம்பவில்லை. நைனா உயிரோடு இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். "ரவிக்கை தைக்கிறவன் ஆகாயத்துக்குத் தைக்கிறானாம்!" இறக்கை கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் தைத்து, மேலே ஏதோ வார்னிஷ் பூச வேண்டும் என்று எழுதியிருந்தாய். செங்கடல் வெயிலில், காற்றுப் புகாத கூடாரத்துக்குள் அந்த நெடியில் உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தாய். தலை சுற்றுகிறது என்று ஒரு வரி. அதுதான் உன் கடைசி வரி.

பிறகு சர்க்கார் காகிதம் வந்தது. காமாலையில் இறந்தான் என்று ஒரு தேதி போட்டிருந்தது. நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி அதைப் படித்தவள் நான்தான். பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஆவணி மாதத் தேய்பிறைத் தசமி என்று கண்டுபிடித்தவளும் நான்தான். பால் கணக்கு முதல் ஏகாதசிக் கணக்கு வரை பிசகாதவள் என்று எனக்குப் பேர் அல்லவா? நைனாவும் அவருக்குப் பின் தம்பி கோவிந்துவும் பதினெட்டு வருஷமாக அந்தத் தசமியில்தான் உனக்குத் திவசம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் பிறந்த வீட்டுக்குப் போய், யாரும் தொடாமல் மடியாகச் சமைத்தது நான்.

காசிம் பாய்க்கு மோர் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அண்ணா போனப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"என் மடிலதாம்மா உசுரு போச்சு. வியாழக்கிழமை, உச்சி வெயிலு. சாயங்காலமே துணில சுத்திக் கடல்ல வுட்டுட்டோம். மறுநா ஜும்மாவுல அவருக்கும் சேத்துத்தான் துவா கேட்டேன்."

"வியாழக்கிழமையா? காகிதத்துல ஞாயிற்றுக்கிழமைன்னு இருக்கே?"

"ஞாயித்துக்கிழமை ஏடன்ல நங்கூரம் போட்டோம். அங்கதான் கிளார்க்கு எழுதிக் குடுத்தான். எய்தின நாளையே போட்டுட்டான் போல." தலையைக் குனிந்துகொண்டார். "அதே வியாழக்கிழமை ஒரு ஏரோப்ளேன் தண்ணில வுழுந்துச்சும்மா. அதுக்கு இன்னா மணி, இன்னா நிமிஷம்னு எங்க அல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டு எய்தினாங்க. வெள்ளக்காரன் நீந்தி வந்துட்டான். மெஷினுதான் போச்சு."

மெஷினுக்கு நிமிஷம் தெரியும். உனக்கு நாளே தெரியாது.

நான் கோபத்தில் கத்தினேன். "இத்தனை வருஷம் கழிச்சா வந்து சொல்றீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முன்னயே ஒரு தபா வந்தேன்மா. சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்ததும் மொத வேலையா நைனா வூட்டுக்குத்தான் வந்தேன். நீங்கதான் கதவாண்ட நின்னீங்க. இன்னைக்குத் தெவசம், வெளியாளு வரக்கூடாது, நாளைக்கு வான்னீங்க. மறுநா விடிகாலம் எனக்குக் கப்பலு. அப்பாலயும் வந்திருக்கணும். மனசு வரலம்மா."

ஞாபகம் வந்துவிட்டது, அண்ணா. உன் மூன்றாம் வருஷத் திவசம். ஈரப்புடவையோடு நின்றேன். மடி கெட்டுவிடுமே என்று இரண்டு அடி பின்னால் வேறு நகர்ந்தேன். யாரென்றும் கேட்கவில்லை. தப்பான நாளின் சுத்தத்தைக் காப்பாற்ற, சரியான நாளை அறிந்த ஒரே மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். எந்தச் சர்க்கார் குமாஸ்தா இதைச் செய்யச் சொன்னான்?

அன்றே பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை சப்தமி. கோகுலாஷ்டமிக்கு முதல் நாள். பதினெட்டு வருஷமும் நீ போன நாளில் நான் சீடை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணெய் காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டு, பாட்டு வேறு பாடிக்கொண்டு. நீ அன்று பசியோடு வந்து நின்றாயா? வந்தவன் வெல்லப்பாகு வாசனையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனாயா?

கோவிந்துவிடம் ஓடினேன். அவன் பேப்பரில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷ்காரனின் புதுக் கப்பல். மேல்தட்டு மைதானம் மாதிரி மழமழவென்று இருக்கிறது. விமானங்கள் அதிலேயே ஓடி எழும்பி அதிலேயே வந்து இறங்குமாம்.

"இன்னா பெரிசு பாருக்கா! நம்ம தெப்பக்குளமே உள்ள போயிடும்," என்றான்.

"அதையும் ஒரு நாள் கரையில முட்டி உடைப்பாங்க. நீ நான் சொல்றதைக் கேளு," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்தான். "சர்க்கார் முத்திரை போட்ட காயிதம் பொய் சொல்லுமா? இப்ப நாளை மாத்தினா, இத்தினி வருஷம் நைனா குடுத்ததெல்லாம் தண்டம்னு ஆயிடும். வுட்டுடுக்கா."

திவசம் பண்ணிவைக்கும் வாத்தியாரிடமும் கேட்டேன். "எழுத்துல இருக்கறதை வாய் வார்த்தைக்காக மாத்தப்படாதும்மா," என்றார். "அந்தக் கப்பல் புஸ்தகத்தைக் கொண்டு வாங்கோ, பார்க்கலாம்."

எங்கே போய்க் கொண்டுவருவது? உன் மரணம் எந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததோ, அது ஜப்பான் கரையில் சாம்பல். உன் கப்பலின் இரும்பை உருக்கி, அவர்களும் விமானக் கப்பல் கட்டிக்கொண்டிருப்பார்களோ என்னவோ. இரும்புக்கு மறுபிறவி உண்டு. அதற்குள்ளே அந்த வார்னிஷ் நெடியில் கிடந்து மஞ்சளாகிச் செத்தவனுக்கு ஒரு திதிகூட இல்லை.

இதைப் பத்திரிகையில் போடச் சொல்லி அனுப்புகிறேன். கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார்கள் படிக்கட்டும். கையில் இருக்கும் காகிதத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல், கூடப் போனவர்களைத் தேடிப் போய்க் கேட்கட்டும்.

காசிம் பாயைக் கூப்பிட்டனுப்பிக் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "அட இன்னாம்மா நீங்க! எனக்கு மட்டும் ரோசம் இல்லியா? நானும்தான் வராம இருந்துட்டேன்," என்றார்.

அடுத்த வாரம் சப்தமி. கோவிந்து வரமாட்டான், வாத்தியாரும் வரமாட்டார். உச்சி வேளைக்கு நான் மயிலாப்பூர்க் கடற்கரைக்குப் போவேன். காசிம் பாய் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய துவாவை அவர் கேட்கட்டும். முழங்கால் தண்ணீரில் இறங்கி உன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறேன். பெண்பிள்ளை கொடுத்தால் சேராது என்கிறார்கள். மந்திரமும் எனக்குத் தெரியாது. பெருமாள் என்ன நினைப்பாரோ, அதையும் இந்த ஒரு தடவை நான் கேட்கப் போவதில்லை.

சேருமா என்று தெரியாது, அண்ணா. நாள் சரியாக இருக்கும். என் மூச்சு உள்ளவரை இனி ஒவ்வொரு வருஷமும் அதே நாள்தான்.

உன் கூடப்பிறந்தவள்,
ருக்மணி
மயிலாப்பூர்